கதையின் முடிவு யாருடையது?

கதை கேட்பவர் மனத்தில் முதலில் எழுவது "பிறகு என்ன ஆயிற்று?" என்ற கேள்வி. கதை பல ஆண்டுகள் தொடர்ந்து வருமாயின், அக்கேள்வி வேறு வடிவம் கொள்கிறது. "இது எப்படி முடியவேண்டும்?" என்று கேட்பவரே எண்ணத் தொடங்குகிறார். முதற் கேள்வியில் இருப்பது ஆவல். இரண்டாவதில் உரிமையும் கலந்திருக்கிறது. தொலைக்காட்சித் தொடர்களின் ரசிகர்கள் கூடிப் பேசும் இடமெங்கும் இவ்வுரிமைக் குரலை இன்று கேட்கிறோம். பேய், பிசாசு, தேவதூதர், மறுமை ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட அமானுஷ்யக் கதைகளில் அக்குரல் மேலும் ஓங்கி ஒலிக்கிறது. இதற்குக் காரணம் யாது? இத்தகைய ஊகங்களால் பயன் உண்டா? ஓர் உதாரணத்தைக் கொண்டு ஆராய்வோம்.

இது புதிதாகத் தோன்றிய வழக்கம் அன்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. கதை முடிந்த பிறகும் வாசகர்களின் கேள்விகள் ஓயவில்லை. இன்னின்ன பாத்திரங்கள் பின்னர் என்ன ஆயினர் என்பதற்கு விடை கூறும் பொருட்டு ஆசிரியர் தனியே ஒரு முடிவுரை எழுத நேர்ந்தது. இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸ் 1870-இல் காலமானபோது 'எட்வின் ட்ரூட்' என்னும் அவருடைய மர்ம நாவல் பாதியில் நின்றது. அந்நாவலில் கொலைகாரன் என்று ஐயுறப்பட்ட பாத்திரத்தின்மீது, 1914-இல் லண்டனில் ஒரு விளையாட்டு வழக்கு விசாரணையே நடைபெற்றது. எழுத்தாளர் செஸ்டர்டன் நீதிபதியாக அமர்ந்தார். பெர்னார்ட் ஷா ஜூரிகளின் தலைவராக இருந்தார். ஆசிரியர் கூறாத முடிவைத் தாமே கண்டறிய விழையும் ஆர்வம் எத்துணை பழைமையானது என்பதை இவை காட்டுகின்றன.

இனி நம் உதாரணத்துக்கு வருவோம். அமெரிக்காவில் எரிக் கிரிப்கே என்பவர் படைத்த 'சூப்பர்நேச்சுரல்' என்ற தொடர் 2005 செப்டம்பர் 13 அன்று தொடங்கி, 2020 நவம்பர் 19 அன்று நிறைவுற்றது. 15 பருவங்கள், 327 பகுதிகள். கதையின் அடிப்படை எளியது. கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் 1983-இல் ஒரு தாய் தீய சக்தியொன்றால் கொல்லப்படுகிறாள், வீடு தீக்கிரையாகிறது. தந்தை பேய்களை வேட்டையாடுபவராக மாறுகிறார். டீன், சாம் என்னும் இரு புதல்வர்களும் அதே தொழிலில் வளர்கின்றனர். 1967-ஆம் ஆண்டின் செவ்ரலே இம்பாலா கார் ஒன்றில் ஊர் ஊராகச் செல்கின்றனர். மலிவான விடுதிகளில் தங்குகின்றனர். முன்பின் அறியாதவர்களைப் பேய்களிடமிருந்து காப்பாற்றிவிட்டு, நன்றியை எதிர்பாராமல் அடுத்த ஊருக்குப் புறப்படுகின்றனர். இவ்விருவருக்கும் என்ன முடிவு நேரவேண்டும் என்பதே 15 ஆண்டுகள் ரசிகர்களின் சிந்தனையை ஆட்கொண்ட கேள்வி.

சமூகக் கதையில் மரணம் ஒரு முடிவு. துப்பறியும் கதையில் குற்றவாளி அகப்படுவது முடிவு. அமானுஷ்யக் கதையில் இவ்விரண்டும் போதா. மாண்டவர் மீண்டு வருகின்றனர், நரகத்தின் கதவு திறக்கிறது, எதுவும் நிகழக்கூடும். எதுவும் நிகழக்கூடிய உலகில் எதை ஊகிப்பது? இங்கேதான் நல்ல ரசிகர் ஒரு வேலியைத் தேடுகிறார். அவ்வேலி, கதை தனக்குத்தானே வகுத்துக்கொண்ட விதிகளாகும். இத்தொடரில் உப்புக் கோட்டைப் பேய் தாண்டாது. ஆவியை அடக்க, உடலின் எச்சத்தை உப்பிட்டு எரிக்கவேண்டும். நாற்சந்தியில் பிசாசோடு உடன்படிக்கை செய்துகொண்டவன் தவணை முடிந்ததும் தன் ஆன்மாவைக் கொடுத்தே தீரவேண்டும். வழக்கறிஞர் சட்டப் பிரிவுகளை எடுத்துக் காட்டுவதைப் போல ரசிகர்கள் இவ்விதிகளை எடுத்துக் காட்டி, "இந்த முடிவு பொருந்தும், அந்த முடிவு பொருந்தாது" என்று வாதிட்டனர். ஊகம் என்பது மனம்போன கற்பனை அன்று. விதிகளுக்கு உட்பட்ட கற்பனையே ஊகம்.

விதிகளுக்கும் மேலாக, இக்கதையில் ஒரு நோய் இருந்தது. சகோதரர் இருவரும் ஒருவரையொருவர் சாகவிடுவதில்லை. 2007-இல் சாம் கொல்லப்பட்டபோது, டீன் தன் ஆன்மாவை அடகு வைத்துத் தம்பியின் உயிரை மீட்டான். அதற்கு ஈடாக அவனுக்குக் கிடைத்தது ஓராண்டு வாழ்வு. 2008-இல் அவன் நரகம் புகுந்தான். காஸ்டியல் என்னும் தேவதூதன் அவனை மீட்டான். 2013-இல் நரகத்தின் வாயிலை என்றென்றைக்குமாக மூடும் வாய்ப்பு சாமின் கைக்கு எட்டியது. அதற்கு விலை அவனுடைய உயிர் என்று அறிந்ததும், டீன் அதைத் தடுத்துவிட்டான். அன்பு உலகைக் காத்தது. அதே அன்பு மீண்டும் மீண்டும் உலகை ஆபத்திலும் தள்ளிற்று. ஒருவரும் பிரிய மறுக்கும் கதைக்கு முடிவு எங்கிருந்து வரும்?

கிரிப்கே தம் கதையை ஐந்து பருவங்களுக்கென்றே திட்டமிட்டிருந்தார். 2010 மே 13 அன்று ஒளிபரப்பான ஐந்தாம் பருவத்தின் இறுதிப் பகுதியில், சாத்தானைத் தன் உடலில் ஏற்ற சாம் தானே பாதாளச் சிறையில் குதிக்கிறான். டீன் ஒரு சாதாரண இல்லறத்தை நாடிச் செல்கிறான். இதுவே உண்மையான முடிவு என்று கருதும் ரசிகர்கள் இன்றும் உளர். ஆயினும் தொடர் நின்றுவிடவில்லை. பிறர் பொறுப்பில் மேலும் பத்துப் பருவங்கள் தொடர்ந்தது.

பதினைந்தாம் பருவமே கடைசி என்று 2019 மார்ச் மாதத்தில் நடிகர்கள் அறிவித்தபோது ஊகங்கள் பெருகின. அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம். இருவரும் போரில் ஒருங்கே மடியவேண்டும் என்பது முதல் வகை. வேட்டைக்காரன் படுக்கையில் இறப்பதில்லை என்பது இவர்களின் வாதம். இருவரும் பிழைத்து, அதே காரில் அதே நெடுஞ்சாலையில் செல்லவேண்டும் என்பது இரண்டாவது. இவர்கள் முடிவு என்பதையே விரும்பாதவர்கள். இத்துணை துன்பப்பட்டவர்களுக்கு அமைதியான குடும்ப வாழ்வு கிட்டவேண்டும் என்பது மூன்றாவது. இது நீதியின் குரல். ஒருவன் உயிரை ஈந்து மற்றவன் வாழவேண்டும் என்பது நான்காவது. இவ்வூகங்களைக் கேட்டால் கதையைப் பற்றி மட்டும் அறிகிறோம் என்பதில்லை. உழைப்புக்கு ஓய்வு வேண்டும் என்பவர் யார், பிரிவை ஏற்காதவர் யார், தியாகத்தில் அழகு காண்பவர் யார் என்று, கூறுபவரின் உள்ளத்தையும் அறிகிறோம்.

இந்தத் தொடரின் சிறப்பு யாதெனில், இவ்விவாதத்தையே அது கதைக்குள் கொணர்ந்துவிட்டது. 2009-இல் சக் என்றொரு எழுத்தாளன் கதையில் தோன்றினான். சகோதரர்களின் வாழ்க்கையை அவன் மலிவு நாவல்களாக எழுதி வெளியிட்டு வந்தான். அந்நாவல்களுக்கு ரசிகர்களும் இருந்தனர். அவன் கடவுளே என்று பின்னர் தெளிவாயிற்று. இறுதிப் பருவத்தில் அவனே பகைவன். சகோதரருள் ஒருவன் மற்றவனைக் கொல்லவேண்டும் என்பது அவன் வகுத்த முடிவு. 2019-இல் வெளியான ஒரு பகுதியில், தன் பழைய ரசிகையான பெக்கியிடம் அம்முடிவைப் படிக்கக் கொடுக்கிறான். அவள் படித்துவிட்டு, இதை இவ்வாறு எழுதலாகாது என்று மன்றாடுகிறாள். அவனோ அவளை உலகினின்றே மறையச் செய்துவிடுகிறான். படைப்பவனுக்கும் சுவைப்பவனுக்கும் இடையே நிகழும் வழக்கை இதைவிட வெளிப்படையாகக் காட்டுவது அரிது. ஈற்றயல் பகுதியில் சகோதரர்கள் தமக்கென எழுதப்பட்ட முடிவை மறுத்து வெல்கின்றனர். சக் தன் ஆற்றலை இழந்து சாதாரண மனிதனாக விடப்படுகிறான்.

ஆனால் அவர்களுக்கும் ஒரு முடிவு வேண்டுமன்றோ? பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் படப்பிடிப்பு தடைப்பட்டது. கடைசி இரு பகுதிகள் சில மாதங்கள் கழித்து, கட்டுப்பாடுகளுக்கு இடையே எடுக்கப்பட்டன. நவம்பர் 19 அன்று வெளியான இறுதிப் பகுதியில், ஒரு சாதாரண வேட்டையில், துருத்திக்கொண்டிருந்த இரும்புக் கம்பியொன்று டீனின் உடலில் பாய்கிறது. தன்னை மீட்கவேண்டாம் என்றும், போக விடும்படியும் அவன் தம்பியைக் கேட்கிறான். சாம் அழுதுகொண்டே இசைகிறான். பின்னர் அவன் நெடுநாள் வாழ்ந்து, தன் மகனுக்கு அண்ணன் பெயரை இட்டு, முதுமையில் இறக்கிறான். மறுமையில் ஒரு பாலத்தின்மேல் இருவரும் சந்திக்கின்றனர்.

ரசிகர்கள் இரு பிரிவாயினர். கடவுளையே வென்றவன் ஒரு கம்பியினால் மடிவதா என்று சிலர் வருந்தினர். டீனிடம் தன் அன்பை வெளிப்படுத்திவிட்டு, நவம்பர் 5-ஆம் தேதிப் பகுதியில் மறைந்த காஸ்டியல், இறுதிப் பகுதியில் பெயரளவில் மட்டுமே இடம்பெற்றது பலருக்குப் பெருங்குறையாயிற்று. இக்குறைகள் நியாயமானவை. எனினும் கதையின் பழைய நோயை நினைத்துப் பார்த்தால், இம்முடிவின் பொருள் விளங்கும். முன்பு ஒவ்வொரு மரணத்திலும் பேரம் பேசியவர்கள், இம்முறை பேரம் பேசவில்லை. மரணம் நிலைக்காத உலகில் மரணத்தை முடிவாக்கியது இரும்புக் கம்பி அன்று, தம்பியின் இசைவே.

இதற்கு மாறான உதாரணம் ஒன்றையும் சுருக்கமாகக் காண்போம். 2004 முதல் 2010 வரை வந்த 'லாஸ்ட்' என்ற தொடரில், விமானம் வீழ்ந்து ஒரு தீவில் ஒதுங்கியவர்கள் புதிருக்குமேல் புதிரைச் சந்தித்தனர். அவர்கள் அனைவரும் ஏற்கெனவே இறந்தவர்கள் என்ற ஊகம் தொடக்கத்திலேயே எழுந்தது. ஆசிரியர்கள் அதை மறுத்தனர். இறுதியில், தீவில் நடந்தவை உண்மை என்றும், கடைசிப் பருவத்தில் இடையிடையே காட்டப்பட்ட மற்றோர் உலகமே இறந்தபின் கூடும் இடம் என்றும் கதை கூறிற்று. ஆயினும் பலர் தம் பழைய ஊகமே மெய்யாயிற்று என்று தவறாகக் கொண்டனர். புதிர்களுக்கு விடை வேண்டிக் காத்திருந்தவர்களுக்குப் பாத்திரங்களின் பிரியாவிடை கிடைத்தது. அவர்கள் ஏமாந்ததில் வியப்பில்லை.

ஆகவே ஒரு முடிவை ஊகிக்கவும் மதிப்பிடவும் மூன்று கேள்விகள் உதவும். கதை தன் விதிகளை மதித்ததா? அது முதலில் எழுப்பிய ஏக்கத்துக்கு விடை தந்ததா? பிரிவதற்கு வேண்டிய அவகாசத்தை நமக்கு அளித்ததா? நான் விரும்பியபடி முடிந்ததா என்பது இவற்றுள் சேராது.

நம் மரபும் இத்தகைய முடிவுகளை அறியும். வேங்கை மரத்தின் நிழலில் நின்ற கண்ணகி, பதினான்காம் நாளில் கோவலனோடு வானம் புகுந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. மகாபாரதத்தின் இறுதியில், தம்பியர் ஒவ்வொருவராக வீழ, தருமன் திரும்பிப் பாராமல் நடக்கிறான். மறுமையில் கூடுதல் எளிது. அதற்கு முன் விடவேண்டியதை விடுதல் அரிது. தமிழில் நாம் குடியிருக்கும் இல்லத்துக்கும், உயிர் அடையும் விடுதலைக்கும் 'வீடு' என்றே பெயர். விடு என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் அது.

பிழைப்பின் பொருட்டு வேற்றுமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நம்மவர்க்கு, வீடிழந்து சாலையில் வளர்ந்த இச்சகோதரர் கதை அயலாகத் தோன்றாது. ஊரில் விட்டுவந்த உடன்பிறப்பை எண்ணாத நாள் உண்டோ? அருகில் இருப்பதே அன்பு என்று எண்ணி வளர்ந்தவர்கள், தொலைவில் இருந்தும் அன்பு செலுத்தக் கற்றுக்கொள்கிறோம். டீன் தம்பியிடம் கேட்டதும் அத்தகைய அன்பையே.

கதையின் முடிவை எழுதும் உரிமை ஆசிரியருடையது. அதை ஊகிக்கும் உரிமை ரசிகருடையது. இரண்டும் மோதவேண்டியதில்லை. பதினைந்து ஆண்டுகள் உடன் நடந்தவர், "இவர்கள் எங்கே போய்ச் சேர்வார்கள்?" என்று கவலைப்படுவது பாத்திரங்களுக்கு உயிர் உண்டு என்பதற்குச் சான்று. கதை முடிந்தபின், தாம் விரும்பிய முடிவு வாய்த்தாலும் வாய்க்காவிட்டாலும், அவர்களைப் போகவிடுவதே ரசிகர் செய்யவேண்டிய கடைசிக் கடமையாகும்.