தண்ணீர் குடிக்காமல் கடல் பார்க்கப் போனோம்!

எங்கள் ஊர் வத்தலக்குண்டு. மலைக்குப் போகிறவர்களும் மலையிலிருந்து இறங்குகிறவர்களும் எங்கள் ஊரில் நின்று டீ குடித்துவிட்டுத்தான் போவார்கள். கொடைக்கானல் எங்களுக்குக் கொல்லைப்புறம் மாதிரி. ஆனால் கடல்? அதற்கு நாங்கள் ரொம்ப தூரம். எங்கள் தெருவில் கடலையே பார்க்காத பெண்கள் எத்தனை பேர் என்று ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து எண்ணினோம். ஏழு பேர்! அதில் ஒருவர் என் மாமியார். வயது அறுபத்தாறு. "வைகை டேமைப் பாத்திருக்கேன்ல, அதைவிடப் பெருசா இருக்கும், அம்புட்டுத்தானே" என்பார். சொல்லிவிட்டு, "சாகுறதுக்குள்ள ஒரு தடவை பாத்துரணும்" என்றும் சேர்த்துக்கொள்வார்.

அன்றைக்கே முடிவு செய்தோம். ஆளுக்கு மாதம் இருநூறு ரூபாய் சீட்டு மாதிரிப் போட்டு, பத்து மாதம் சேர்த்தோம். பதினான்கு பெண்கள், நான்கு குழந்தைகள், ஒரு வேன். காலாண்டு விடுமுறையில் இரண்டு நாள் ராமேஸ்வரம் பயணம். கணக்கு, சாப்பாடு, அறை ஏற்பாடு எல்லாம் என் பொறுப்பு. "அவ இருக்கா, எல்லாத்தையும் பாத்துக்குவா" என்று எல்லோரும் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது. அந்தத் தலைக்கனம் எங்கே போய் இறங்கியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் போட்ட சட்டம்

புளியோதரை, எலுமிச்சை சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, முறுக்கு என்று தூக்குகள் நிறைந்தன. விடியற்காலை நான்கு மணிக்கு வேன் கிளம்பியது. கிளம்பும்போது எல்லோரையும் பார்த்து நான் ஒரு சட்டம் போட்டேன். "அக்காமாரே, அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்லாதீங்க. நிறுத்தினா நேரம் போயிரும். தண்ணியைக் கொஞ்சமாக் குடிங்க!"

ஒருவரும் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை தெரியுமா? நான் சொல்லாவிட்டாலும் அவர்கள் அப்படித்தான் செய்திருப்பார்கள். நம் பெண்களுக்கு இது சின்ன வயதிலிருந்தே பழக்கம். பள்ளிக்கூடம், கல்யாண வீடு, பஸ் பிரயாணம் எதுவானாலும், 'எங்கே போய் ஒதுங்குவது?' என்ற பயத்தில் வாயைக் கட்டிவிடுவோம். ஆண்கள் மரத்தடியில் நின்றுவிட்டு வந்துவிடுவார்கள். நாம்?

நிலக்கோட்டை, மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று ஊர்கள் ஓடின. பரமக்குடியில் ஒரு டீ. அவ்வளவுதான். பாட்டும் சிரிப்புமாக வந்ததில் தாகமே தெரியவில்லை.

பாம்பன் பாலத்தில்

பத்து மணி வாக்கில் பாம்பன் வந்தது. வேன் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் பக்கம் ஒரே தள்ளுமுள்ளு! இரண்டு பக்கமும் கடல். அத்தை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கரையே இல்லையேடி!" என்றார். அதுதான் கடலைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை.

நாங்கள் போன சாலைப் பாலம் 1988-ஆம் வருடம் அக்டோபர் 2-ஆம் தேதி திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் இந்தத் தீவுக்கு ரயிலைத் தவிர நிலவழி கிடையாது. பக்கத்தில் தெரியும் பழைய ரயில் பாலம் 1914-ல் திறந்தது. கப்பல் வந்தால் நடுவில் இரண்டாகப் பிரிந்து கை தூக்குமே, அதே பாலம்தான். நூறு வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டு, 2022 டிசம்பரோடு ஓய்வு பெற்றுவிட்டது. அதன் அருகிலேயே புதுப் பாலம் கட்டி, 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்திருக்கிறார்கள். இது கை தூக்காது. நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே எழும்புமாம். குழந்தைகள் கப்பல் வருமா வருமா என்று பார்த்தார்கள். வரவில்லை!

தனுஷ்கோடி வெயில்

கோவில் நடை சாத்தும் நேரம் நெருங்கிவிட்டதால், முதலில் தனுஷ்கோடி பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். உச்சி வெயிலில்!

முன்பெல்லாம் மணலில் ஜீப்பில்தான் போக வேண்டும். 2017 முதல் அரிச்சல்முனை வரை நல்ல தார்ச்சாலை. நம் நாட்டின் நிலம் அங்கே முடிந்துவிடுகிறது. இலங்கையின் தலைமன்னார் அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான். ஒரு பக்கம் கடல் குளம் மாதிரி அமைதியாக இருக்கிறது, மறுபக்கம் சீறுகிறது. அமைதியானதைப் பெண் கடல் என்றும், சீறுவதை ஆண் கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். "யாரு பேரு வச்சது? எங்க வீட்டுல மாத்தியில்ல இருக்கு!" என்றார் எதிர்வீட்டு டீச்சரக்கா. ஒரே சிரிப்பு.

திரும்பும் வழியில் பழைய ஊரின் இடிபாடுகளைப் பார்க்க இறங்கினோம். இடிந்த தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சம், மணலில் புதைந்த சுவர்கள். ஒரு காலத்தில் பெரிய ஊர். சென்னையிலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பல் ஏறி, இலங்கைக்குப் போவார்கள். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே கடல் விழுங்கிவிட்டது. அதில் வந்த நூறு பேருக்கு மேல் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தச் சமயத்தில் ராமேஸ்வரத்துக்கு வந்திருந்த ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தப்பித்ததை என் அம்மா கதை கதையாகச் சொல்லியிருக்கிறார்.

இதைக் குழந்தைகளுக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் ஒரு சத்தம். "ஏய், அத்தையைப் பிடி!"

அத்தை மணலில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். உதடு வெடித்துப் போயிருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறார், பேச்சு குழறுகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேனில் இருந்த தண்ணீர் கேனைப் பார்த்தேன். முக்கால்வாசி அப்படியே இருந்தது. காலையில் நிரப்பிய தண்ணீர்!

மணலுக்குள் ஒரு ஊற்று

பக்கத்தில் ஓலைக்குடிசை போட்டுச் சங்கு, பாசிமணி விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்தார். என் வயதுதான் இருக்கும். "நிழலுக்குத் தூக்குங்கத்தா முதல்ல!" என்று அதட்டினார். குடிசைக்குள் படுக்கவைத்தோம். ஈரத்துணியால் முகம், கழுத்து, அக்குள் எல்லாம் துடைத்துவிட்டார். அத்தை நன்றாகக் கண் திறந்து விழுங்க முடிகிறது என்று தெரிந்த பிறகுதான் தண்ணீர் கொடுக்க விட்டார். அதுவும் மடக் மடக்கென்று இல்லை, ஸ்பூன் ஸ்பூனாக.

கொஞ்சம் தெளிந்ததும், "இது எங்கிட்டுத் தண்ணி? இனிக்குதே!" என்றார் அத்தை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே குடிசைக்குப் பின்னால் கையைக் காட்டினார். மணலில் தோண்டிய ஒரு குழி. நாலடி ஆழம்கூட இருக்காது. அடியில் தெளிந்த தண்ணீர். சுற்றிலும் உப்புக்கடல், நடுவில் நல்ல தண்ணீர்! மணலில் இறங்கும் மழைத்தண்ணீர், அடியில் இருக்கும் உப்புத்தண்ணீரைவிட லேசு என்பதால் அதன் மேலேயே தங்கி நிற்கிறதாம். ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். அதனால் ஊறுகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மொள்ளுகிறார்கள்.

"இந்தத் தண்ணிக்கு நாங்க நேரம் காலம் பாத்துக் கெடக்கோம். நீங்க கேன் நெறையா வச்சுக்கிட்டு குடிக்காம வந்திருக்கீங்களே ஆத்தா!" என்றார் அந்தப் பெண். அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

டாக்டரம்மா சொன்னது

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. இரண்டு மணி நேரம் சலைன் ஏறியது. விசாரித்ததில் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. அத்தை அன்று காலையில் பி.பி. மாத்திரையும் போடவில்லை. "அதைப் போட்டா அடிக்கடி போகணும்னு வருது. வண்டியை நிறுத்தக் கூடாதுன்னு இவ சொல்லிட்டா..." என்று என்னைக் காட்டினார். டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பிறகு அவர் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து வகுப்பே எடுத்துவிட்டார். சிறுநீர்ப்பையில் சேரும் கிருமிகளை உடம்பு சிறுநீரோடுதான் வெளியே கழுவித் தள்ளுகிறது. தண்ணீரும் குடிக்காமல், வருவதையும் அடக்கினால், அவை உள்ளேயே பெருகும். கடுப்பும் எரிச்சலும் வரும். கவனிக்காமல் விட்டால் குளிர் ஜுரம், இடுப்பு வலி என்று சிறுநீரகம் வரை போய்விடும். பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதை நீளம் குறைவு என்பதால் ஆண்களைவிட இந்தத் தொல்லை நமக்கே அதிகம். கர்ப்பிணிகளுக்கு வந்தால் குறைமாதப் பிரசவம்கூட ஆகலாமாம். "வெயில்ல வேர்வையாவும் போகும், உள்ளேயும் ஒண்ணும் போடலைன்னா உடம்பு என்னம்மா செய்யும்?" என்று கேட்டார். பதில் சொல்ல எங்களில் யாருக்கும் வாயில்லை.

அன்று இரவு அறையில் அத்தையின் காலைப் பிடித்தபடி அழுதுவிட்டேன். "போடி பைத்தியம்! கொடிக்காலுக்கு அம்புட்டு வருஷம் தண்ணி எறைச்சவ நான். வெத்தலைக் கொடி ஒருநா வாடினா எனக்குப் பொறுக்காது. என் நாக்கு வறண்டது எனக்கே தெரியலையே, உன்னையச் சொல்லி என்ன?" என்றார்.

மறுநாள் புதுச் சட்டம்

மறுநாள் என் சட்டத்தை நானே மாற்றினேன். ஒன்றரை மணிக்கு ஒரு தடவை வண்டி நிற்கும். வேண்டுமோ வேண்டாமோ, எல்லோரும் இறங்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை எல்லோரும் ஒரு வாய் தண்ணீர்.

அத்தையை அறையில் ஓய்வெடுக்க வைத்துவிட்டு, நாங்கள் அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோவிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடினோம். தரை வழுக்கும், ஜாக்கிரதை! ஈரத்துணியை மாற்றிக்கொண்டுதான் சுவாமி தரிசனம் செய்ய வேண்டும். 1212 தூண்கள் கொண்ட அந்த வெளிப் பிரகாரத்தில் நிழலும் குளிர்ச்சியும் இருந்ததால் பத்து மணிக்கு அத்தையையும் அழைத்துவந்து மெதுவாக நடத்திச் சென்றோம்.

பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் பார்த்தோம். இந்தத் தீவில் பிறந்து, குடியரசுத் தலைவராகி, 2015-ல் இந்த மண்ணுக்கே திரும்பிவிட்டவர். குழந்தைகள் அங்கே ஏவுகணை மாதிரியை விட்டு நகரவில்லை.

குந்துகாலில் விவேகானந்தர் நினைவிடம் இருக்கிறது. வெளிநாட்டுப் பயணம் முடித்து 1897 ஜனவரி 26-ஆம் தேதி அவர் கரை இறங்கிய இடம். எதிரே குருசடைத் தீவு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இப்படி 21 தீவுகள் இருக்கின்றன. பவளப்பாறைகளையும் கடல்பசுவையும் காப்பாற்ற 1986-ல் அந்தப் பகுதியைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். காற்று பலமாக இருந்ததால் அன்று நாங்கள் படகில் போகவில்லை. கரையிலிருந்தே பார்த்தோம்.

அந்தப் பக்கத்தில்தான் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்தோம். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பாறையிலிருந்து பாசி எடுக்கிறார்கள். நாம் ஜெல்லி செய்கிறோமே, அந்தக் கடல்பாசிக்கு மூலப்பொருள் இப்படித்தான் கிடைக்கிறது. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் பெண்மணி, கடலைக் காக்கும் பணிக்காக 2015-ல் சீகாலஜி என்னும் சர்வதேசப் பரிசு பெற்றவர். நம் சகோதரிகள் கடலுக்கு அடியிலேயே போகிறார்கள். நாம் ஒரு டிரைவரிடம் "தம்பி, வண்டியை நிறுத்துப்பா" என்று சொல்ல வெட்கப்பட்டோம்!

மாலையில் அத்தை கணுக்கால் அளவு கடலில் நின்றார். அலை வந்து சேலையை நனைத்தது. "டேமும் இல்லை, ஒண்ணும் இல்லை. இது வேற!" என்றார். வேனில் ஏறியதும் அவராகவே தண்ணீர் பாட்டிலை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி ஒரு வாய் குடித்தார்.

நீங்களும் கிளம்புகிறீர்களா? சில குறிப்புகள்:

1. கிளம்பும் முன்பே டிரைவரிடம் பேசி, நிறுத்தும் இடங்களை முடிவு செய்யுங்கள். பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறை இருக்கும், கூசாமல் கேளுங்கள்.

2. பி.பி., சர்க்கரை மாத்திரைகளைப் பயணத்துக்காக நிறுத்தாதீர்கள். நேரத்தை மாற்ற வேண்டுமானால் டாக்டரைக் கேளுங்கள்.

3. பையில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வையுங்கள். இல்லாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடக் கூடாது.

4. கோவிலுக்குப் போகிறோம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் கேட்டு விழுங்காதீர்கள். அது எல்லா உடம்புக்கும் ஆகாது. டாக்டர் சொன்னால் மட்டுமே.

5. தனுஷ்கோடிக்குக் காலையிலோ வெயில் தாழ்ந்தோ போங்கள். குடை, தொப்பி அவசியம். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அரிச்சல்முனையில் கடலில் இறங்காதீர்கள், நீரோட்டம் ஆபத்தானது.

6. கூட்டத்தில் வயதானவர் ஒவ்வொருவருக்கும் ஓர் இளையவரைத் துணையாக நியமியுங்கள். 'தண்ணி குடிச்சீங்களா?' என்று கேட்பது அவர் வேலை.

அடுத்த சீட்டு ஆரம்பித்துவிட்டோம். இந்த முறை கன்னியாகுமரி. பணத்தை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். சட்டம் போடும் பொறுப்பு மட்டும் அத்தையிடம்!