கட்டணத்துக்கு அப்பால்: ஒக்கூரிலிருந்து கல்லூரி வரை

சிவகங்கைச் சீமையின் கல்லூரி வரலாற்றில் 1947 முக்கியமான ஆண்டு. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிறுவிய கலைக் கல்லூரியும், சிவகங்கையில் மன்னர் துரைசிங்கத்தின் பெயர் தாங்கிய கல்லூரியும் அவ்வாண்டில்தான் தோன்றின. இன்று இரண்டுமே அரசுக் கல்லூரிகள். நிலமும் கட்டடமும் ஒருமுறை செய்யும் செலவு என்பதால் அவற்றை ஒரு வள்ளலால் தந்துவிட முடியும். ஆசிரியர் சம்பளமோ ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போவது, ஆகவே அதை மாணவரிடம் வாங்காமல் கல்லூரி நடக்க வேண்டுமானால் அரசின் கை அதில் இருந்தே ஆகவேண்டும்.

அரசுடைமை ஆகாத கல்லூரிகளுக்கு இந்தக் கை, நல்கை அல்லது மானியம் என்ற பெயரில் நீள்கிறது. ஏற்பளிக்கப்பட்ட பணியிடங்களுக்கான சம்பளத்தை அரசு ஏற்கும் தனியார் கல்லூரியே ‘அரசு உதவிபெறும் கல்லூரி’ எனப்படுகிறது. ஆனால் பிற்காலத்தில் தொடங்கப்பட்ட பாடப்பிரிவுகள் பெரும்பாலும் இந்த நல்கைக்குள் வராமல் ‘சுயநிதி’ என நிற்பதால், ஒரே வளாகத்தில், ஒரே நூலகத்தில் படிக்கும் இருவரில் ஒருவர் சொற்பத் தொகையும் மற்றவர் அதைப்போலப் பன்மடங்கும் கட்ட நேர்கிறது. சேர்க்கைப் பட்டியலில் சில மதிப்பெண்கள் பின்தங்கிச் சுயநிதிப் பிரிவில் சேர நேர்பவர் பெரும்பாலும் வீட்டில் வசதி குறைந்தவராகவே இருப்பதால், இந்த ஏற்பாடு அநீதியானது என்றே சொல்ல வேண்டும்.

அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலை வகுப்புகளுக்குக் கற்பிப்புக் கட்டணம் நீக்கப்பட்டுவிட்டது. எனினும் ஒக்கூரிலிருந்து சிவகங்கை அரசு மகளிர் கல்லூரிக்குச் செல்லும் மாணவிக்குப் படிப்பு இலவசமாகிவிடுவதில்லை. தேர்வுக் கட்டணம், பாடநூல், ரெக்கார்டு நோட்டு, மதியச் சாப்பாடு, வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கக்கூடிய கூலி ஆகியவை எந்த ரசீதிலும் ஒருசேர வருவதில்லை. படிப்பை நிறுத்துவது பெரும்பாலும் இவையே. மாணவியின் கைக்கே வரும் பணம் இங்குதான் தேவைப்படுகிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. பிற உதவித்தொகை பெறுவோருக்கும் இவை கிடைப்பது இவற்றின் சிறப்பு. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதையும் கல்வி உதவியாகவே கணக்கில் சேர்க்க வேண்டும்.

பட்டியலின மாணவர்களுக்கு 1944 முதலே வழங்கப்பட்டுவரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கு உரியது. குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். இதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும்; அது ஓராண்டுக்கே செல்லும் என்பதால் இ-சேவை மையத்துக்கு மீண்டும் அலைய வேண்டும்; வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திராவிட்டால் பணம் வராது. இவையெல்லாம் சரியாக அமைந்தாலும் கட்டணம் கட்டும் நாள் முன்னதாகவும் பணம் வரும் நாள் பின்னதாகவும் அமைந்துவிட்டால், இடைப்பட்ட மாதங்களில் குடும்பம் வட்டிக்கு வாங்கியே சமாளிக்க நேரும். முன்னாள் மாணவர் சங்கங்கள் கட்டட நிதி திரட்டும் அதே முனைப்போடு ஒரு சுழல்நிதியைத் திரட்டி, தேர்வுக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்திவிட்டு, உதவித்தொகை வந்தபின் வட்டியின்றித் திரும்பப் பெறலாம். அதற்கு ஆகும் தொகை, நுழைவாயில் வளைவு ஒன்றுக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.