அரும்பு, மொட்டு, மலர்

தாம்பரத்தில் பஸ் ஏறி, முடிச்சூர், மண்ணிவாக்கம் தாண்டிப் போனால் படப்பை வரும். அதற்கு அப்பால் ஒரகடத்துத் தொழிற்சாலைகள். செல்பேசிகள் செய்யும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமும் வெகு தூரமில்லை. "அப்படியானால் இந்தப் பக்கத்துக் குழந்தைகள் 'அ, ஆ' படிப்பதற்கும் யந்திரம் வந்துவிட்டதா?" என்று கேட்கிறீர்களா? வந்துவிட்டது. ஆனால் அது யார் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

யந்திரம் என்றதும் மின்சாரத்தை நினைத்துவிடாதீர்கள். நம் பாட்டன்மார் மணலில் விரலால் எழுதிப் பழகினார்களே, அந்த மணலும் ஒரு சாதனம்தான். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் இன்னொரு சாதனம் வந்தது. வெறும் அட்டைகள்! எம். பி. விஜயகுமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி, ஆந்திராவிலுள்ள ரிஷிவேலியின் முறையைத் தழுவி அதை ஏற்படுத்தினார். குழந்தைகள் தரையில் உட்கார்ந்து, ஏணிப் படி ஏறுவதுபோல் ஒவ்வோர் அட்டையாக முடித்து முன்னேறினார்கள். சுவரின் அடிப்பகுதியில், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. சில ஆண்டுகளில் அந்த முறை மாநிலம் எங்கும் பரவியது.

பிறகு 2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிக் கதவுகளைச் சாத்தியது. 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி வீடு தேடிப் பாடம் சொன்னது. 2018 முதல் புதுப் பாடநூல்களில் கறுப்புக் கோலம்போல் அச்சிட்டு வந்த 'க்யூ.ஆர்.' கட்டத்தின் மேல் செல்பேசியைக் காட்டினால், பாட்டும் படமும் வந்தன. ஆனால் வீட்டில் இருப்பது ஒரே ஒரு செல்பேசி. அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால், குழந்தை எதில் படிக்கும், சொல்லுங்கள்?

சின்ன வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் முதல் தேதி. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய குழந்தை, 2022 ஜூனில் மூன்றாம் வகுப்புக்கு வந்தது. இடையில் அது வகுப்பறையில் உட்கார்ந்தது சில மாதங்களே! கையில் மூன்றாம் வகுப்புப் புத்தகம். எழுத்துக் கூட்டவோ தெரியாது. அந்தப் பிஞ்சின் குற்றமா அது?

அந்த ஜூன் மாதம்தான் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. 1 முதல் 3 வகுப்பு வரையுள்ள குழந்தைகளை, என்ன வகுப்பு என்று பாராமல், என்ன தெரியும் என்று பார்த்து, 'அரும்பு', 'மொட்டு', 'மலர்' என்று மூன்றாகப் பிரித்தார்கள். இங்கேதான் யந்திரம் தன் சரியான இடத்துக்கு வந்தது. செல்பேசி குழந்தையின் கையில் இல்லை, ஆசிரியையின் கையில்! எந்தக் குழந்தைக்கு எது வந்தது, எது வரவில்லை என்று அதில் பதிவு செய்தார்கள். குழந்தைக்கோ பாட்டு, கதை, பொம்மலாட்டம், பயிற்சிப் புத்தகம். 2023-ல் இத்திட்டம் 4, 5 வகுப்புகளுக்கும் விரிந்தது.

குறையே இல்லையா என்றால், உண்டு. சிக்னல் கிடைக்காமல் தவிப்பதும், பதிவேற்றும் வேலையிலேயே பாடநேரம் கரைவதும் ஆசிரியர் சங்கங்கள் எடுத்துச் சொன்ன குறைகள். நியாயமான குறைகள்தாம். கணக்கு எழுதிக்கொண்டே இருந்தால், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது எப்போது?

உலகமும் இதையே யோசிக்கிறது. கல்வியில் தொழில்நுட்பம் பற்றி 2023-ல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை, யந்திரம் ஆசிரியருக்குத் துணையாகலாம், ஆசிரியரின் இடத்தைப் பிடிக்கலாகாது என்றது. அதே ஆண்டில் ஸ்வீடன் தேசம், சின்ன வகுப்புகளில் அச்சுப் புத்தகத்துக்கும் கையெழுத்துக்கும் திரும்புவதென்று முனைந்தது.

ஆகவே, தாய்மார்களே, தந்தைமார்களே! இன்றிரவு உங்கள் குழந்தையின் பாடநூலைத் திறந்து, அந்தக் கறுப்புக் கட்டத்தின்மேல் செல்பேசியைக் காட்டுங்கள். பாட்டு வரும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சேர்ந்து பாடுங்கள். முடிந்ததும் செல்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு, பத்துப் புளியங்கொட்டைகளைத் தரையில் கொட்டி எண்ணச் சொல்லுங்கள்.

ஒன்பதோடு நின்றுவிட்டதா? கோபித்துக்கொள்ளாதீர்கள். அரும்புதானே! நாளைக்கு மொட்டாகும்.