மழைக்காலமும் மண் விளையாட்டும்



ஐப்பசி வந்தால் அடைமழை. கார்த்திகை முடியும் வரை இப்படித்தான். வயல் வேலை, கட்டட வேலை எல்லாம் பாதி நாள் நின்று போகும். விறகு நனையும், துவைத்த துணி காயாது. இந்த நேரம் பார்த்து மூன்று வயதுப் பிள்ளை வாசல் சேற்றில் உட்கார்ந்து அளைந்துகொண்டிருந்தால் நமக்குக் கோபம் வருமா, வராதா? முதுகில் ஒன்று வைத்து உள்ளே இழுத்து வந்து, கையில் செல்போனைக் கொடுத்து உட்கார வைக்கிறோம். பிள்ளை அசையாது. வீடும் சுத்தமாக இருக்கும். ஆனால் இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குச் செல்போன், டி.வி. காட்டவே வேண்டாம், ஐந்து வயது வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

மண்ணும் தண்ணீரும் இலையும் அளைவது குழந்தைக்கு வீண் வேலை இல்லை. அதுதான் அதற்கு முதல் பள்ளிக்கூடம். ஏன் என்று பார்ப்போம்.

ஜூன் மாதம் வந்தால் எல்.கே.ஜி. பீஸ் கட்டவென்று குழுவில் கடன் கேட்காத ஊர் குறைவு. அதைத் தப்பென்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை கையில் பென்சிலைத் திணித்து "ஏ, பி, சி, டி எழுது" என்கிறோம். அது கோணல்மாணலாக இழுத்தால் அடி. குழந்தைக்கு உடம்பு உறுதிப்படுவது தோளிலிருந்து கீழ்நோக்கித்தான். தோள், முழங்கை, மணிக்கட்டு, கடைசியில்தான் விரல். மூன்று வயதில் விரலுக்கு அந்தப் பலம் வந்திருக்காது. களிமண்ணைப் பிசைவது, உருட்டுவது, தட்டுவது, கிள்ளுவது இதெல்லாம்தான் அந்த விரலுக்குப் பலம் கொடுக்கும். முருங்கைக் கீரை உருவுகிற பிள்ளையும், பச்சைப் பட்டாணி உரிக்கிற பிள்ளையும் எழுத்துக்குத்தான் தயாராகிறது.

இன்னொன்று, பேச்சு. சேற்றைத் தொட்ட பிள்ளைக்குத்தான் கொழகொழ என்றால் என்னவென்று தெரியும். வழவழ, சொரசொர, பிசுபிசு, நறநற, மொறுமொறு என்று தமிழில் எத்தனை வார்த்தை! இதையெல்லாம் புத்தகத்தில் படம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பிள்ளை தொடும்போது பக்கத்தில் இருந்து நாம் சொல்ல வேண்டும். "பலா இலையைத் தடவிப் பாரு, எப்படி இருக்கு? வேப்பிலை எப்படி இருக்கு?" என்று கேட்டால் போதும். கண்ணைக் கட்டிவிட்டு துளசி, கற்பூரவல்லி, கறிவேப்பிலை மூன்றையும் கசக்கி மோந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்களே ஒன்றிரண்டு தப்பாகச் சொல்வார்கள்.

களிமண் எங்கே எடுப்பது என்பது முக்கியம். கழிப்பறை ஓரம், சாக்கடை ஓரம், நாய் பூனை அசிங்கம் செய்யும் இடம் வேண்டாம். வயலிலோ ஏரிக்கரையிலோ மேல் மண்ணைத் தள்ளிவிட்டு உள்ளேயிருந்து ஒரு கூடை எடுத்து, கல், கண்ணாடித் துண்டு பொறுக்கிவிட்டு, வெயில் அடிக்கும் நாளில் காய வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் போதும். சட்டி, பானை, அடுப்பு, இட்லி எல்லாம் பிள்ளையே செய்யும். நாம் செய்து காட்டிக் "இப்படித்தான்" என்று திருத்த வேண்டாம். நமக்கு மாடு மாதிரித் தெரிவது அதற்கு பஸ்ஸாக இருக்கும், இருக்கட்டும். மண்ணில் வீடு கட்டி மண்சோறு ஆக்குவது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதும் இல்லை. தாங்கள் கட்டிய மணல் வீட்டைக் கண்ணன் கலைக்கக் கூடாது என்று ஆயர் சிறுமிகள் முறையிடுவதாக ஆண்டாள் ஒரு பதிகமே பாடியிருக்கிறார்.

களிமண் கிடைக்காத டவுன் சகோதரிகள் மைதா இரண்டு டம்ளர், உப்பு ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் மஞ்சள்தூள் சேர்த்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து கொடுக்கலாம். உப்பு அதிகம் என்பதால் பிள்ளை தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "திங்கிற மாவை வீணாக்கலாமா?" என்று மாமியார் கேட்டால் அதுவும் நியாயம்தான். சப்பாத்திக்குப் பிசையும்போது எலுமிச்சம்பழ அளவு மாவைப் பிள்ளை கையில் கொடுங்கள், அது போதும்.

தண்ணீர் விளையாட்டுக்கு அகலமான பேசின், கொட்டாங்குச்சி, வடிகட்டி, பழைய ஆழாக்கு, உழக்கு இருந்தால் போதும். இரண்டு ஆழாக்கு ஊற்றினால் உழக்கு நிறையும் என்று பிள்ளை கண்டுபிடிக்கும். அது கணக்குத்தானே! கல் முழுகும், கத்தரிக்காய் மிதக்கும். ஏன் என்று கேட்கும், கேட்கட்டும். செம்பருத்தி இதழைச் சுடுதண்ணீரில் ஊற வைத்து, ஆறியதும் இரண்டு கிண்ணத்தில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் சிவப்பாகும், மற்றதில் சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகும். பூவரச இலையில் பீப்பி செய்வது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

இப்போது பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது என்று பார்ப்போம். "சேத்துல விட்டா சளி புடிக்காதாக்கா?" என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். சளி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் கிருமியால் வருவது, சேற்றால் வருவதில்லை. விளையாடி முடிந்ததும் துடைத்து உலர்ந்த துணி மாற்றினால் போதும். ஆனால் தெருவில் இரண்டு மூன்று நாளாகத் தேங்கி நிற்கும் தண்ணீரில் மட்டும் விடவே கூடாது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர், காலில் உள்ள சிறு காயம் வழியாகக்கூட எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். கொக்கிப்புழுவும் வெறுங்கால் வழியாகத்தான் உள்ளே போகிறது. செருப்பு போட்டு விடுங்கள், வாரம் ஒருமுறை நகம் வெட்டுங்கள், விளையாடியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். அங்கன்வாடியில் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளைத் தவற விடாதீர்கள். தடுப்பூசி அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் போட வேண்டிய டி.பி.டி. பூஸ்டர் போட்டாயிற்றா?

விதைகளில் ரொம்பக் கவனம் தேவை. குன்றிமணி அழகாக இருக்கும், பிள்ளை கண்ணுக்கு மிட்டாய் மாதிரி. கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு, காட்டாமணக்கு, அரளி விதைகளும் விஷம். இவை வீட்டைச் சுற்றி இருந்தால் பிடுங்கிப் போடுங்கள். தின்றுவிட்டால் புளித்தண்ணீர், சோப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது கெடுதலைக் கூட்டும். மீதி விதையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஐந்து வயதுக்குக் கீழே புளியங்கொட்டையும் கடலையும்கூட வேண்டாம், மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். பேசினில் இரண்டு அங்குலத் தண்ணீர் இருந்தாலும் குழந்தை முகம் குப்புற விழுந்தால் போதும். ஒரு நிமிடம்கூட தனியாக விட்டுப் போகக் கூடாது. அடுப்பில் பால் பொங்கினால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போங்கள்.

துணி துவைக்கிற கஷ்டம் நமக்குத்தான். அதற்கென்று சாயம் போன பழைய சட்டை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சேறு காய்ந்த பிறகு உதறிவிட்டு ஊறப்போட்டால் சீக்கிரம் போகும். ஒரு விஷயம் மனதைக் கொஞ்சம் உறுத்துகிறது. பையன் சேற்றில் புரண்டால் சிரித்துவிட்டு விடுகிறோம், பொம்பளைப் பிள்ளைக்கு மட்டும் "சட்டை அழுக்காகும், உள்ளே வா" என்கிறோம். அவளுக்கும் அதே பத்து விரல்தானே?

தினமும் அரை மணி நேரம் போதும். முடிந்ததும் பேசின் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து வையுங்கள். அதில் நிற்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். கவிழ்க்கிற வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டே கவிழ்த்து வைக்கும்.