பெருச்சாளின்னு சொல்லாதீங்க பாஸ்!

ஹாஸ்டல்ல 'க்ராஷ் பேண்டிகூட்' ஆடியே விரல் தேய்ஞ்சவரா நீங்க? 1996-ல் வந்த அந்த கேமோட ஹீரோ என்ன பிராணி? நரின்னுதான் நான் நினைச்சேன். டிக்‌ஷனரியில பார்த்தா 'பெருச்சாளி'. ரெண்டுமே தப்பு!

பேரு மட்டும் நம்ம பக்கத்துது. தெலுங்குல 'பந்திகொக்கு'ன்னா பன்றி எலி, அதாவது பெருச்சாளி. ஆஸ்திரேலியாவில் நீள மூக்கோடு மண்ணைத் தோண்டும் ஒரு ஜீவனைப் பார்த்த வெள்ளைக்காரர்கள், அந்தப் பேரையே அதுக்கு ஒட்டிட்டாங்க. ஆனா, அது எலியே இல்லை. கங்காரு மாதிரி வயித்துல பை வெச்ச பைப்பாலூட்டி. முயல் காது பில்பி இதுக்கு நெருங்கின சொந்தம்.

பல்லைப் பார்த்தா, இறைச்சி தின்னும் பைப்பாலூட்டிகளோட ஜாடை. பின்னங்கால்ல ரெண்டு விரல் ஒட்டியிருக்கும், அது கங்காரு ஜாடை. எந்தக் கிளையில சேர்க்கிறதுன்னு விஞ்ஞானிகளே மண்டையை உடைச்சுக்கிட்டு, கடைசியில தனி வரிசையே கொடுத்துட்டாங்க.

டிசைனும் செம! பை பின்பக்கமா திறக்கும். தோண்டும்போது குட்டி மேல மண் விழாது. சில வகைகளுக்குக் கர்ப்பகாலம் வெறும் பன்னிரண்டரை நாள். நம்ம ஸ்டடி லீவே அதைவிட அதிகம்!

வேலையிலயும் புலி. 'குவெண்டா' என்ற வகையில் ஒரே ஒரு ஜீவன், வருஷத்துக்குச் சுமார் 4 டன் மண்ணைப் புரட்டுது. அந்தக் குழிகள்ல மழைத்தண்ணி இறங்கும், விதை முளைக்கும்.

ஆனா, ஐரோப்பியர்கள் கொண்டுவந்த நரியும் பூனையும் இவற்றை வேட்டையாடின. முயல்கள் புல்லை மேய்ஞ்சு தீர்த்தன. சின்ன பில்பியும் பன்றிக்கால் பேண்டிகூட்டும் 20-ம் நூற்றாண்டோட காலி. க்ராஷோட இனமான கிழக்கத்திய வரிப் பேண்டிகூட், டாஸ்மேனியா தீவுல தப்பிச்சிருச்சு. பெருநிலத்துலயோ, விக்டோரியா மாநிலத்தின் ஹாமில்டன் ஊர்ல மட்டும் கடைசியா ஒரு கூட்டம். அதுல சிலது குப்பைமேட்டு ஓட்டை கார்களுக்குள்ளே ஒளிஞ்சு வாழ்ந்துச்சு!

அப்புறம்தான் ட்விஸ்ட். மிச்சமிருந்ததைப் பிடிச்சு வளர்த்து, நரி இல்லாத தீவுகள்லயும் வேலி போட்ட காடுகள்லயும் விட்டாங்க. 2021-ல் விக்டோரியா அரசு, 'காட்டில் அழிந்துவிட்டது' என்ற பட்டியல்ல இருந்து இதை எடுத்து, 'அழியும் ஆபத்தில்' பட்டியலுக்கு மாத்துச்சு. ஆபத்துல இருக்கிறதையே புரமோஷன்னு கொண்டாடின ஒரே ஜீவன் இதுவாத்தான் இருக்கும்!

பில்பிக்காகவும் ஜனங்க இறங்கியிருக்காங்க. அங்கே ஈஸ்டருக்கு சாக்லேட் முயலோட சாக்லேட் பில்பியும் விக்குது.

அடுத்த தடவை க்ராஷ் குழியில விழுந்து 'கேம் ஓவர்' வந்தா, சிரிச்சுக்கிட்டே ரீ-ஸ்டார்ட் அழுத்துவீங்க. சின்ன பில்பிக்கு அந்த பட்டன் கிடையாது பாஸ்!