மாறும் காலநிலையும் பிரதேச சபையும்: கமக்காரர் அறியவேண்டியவை

மழை பொய்த்தலும் மழை மிகுதலும் கமக்காரருக்குப் புதியனவல்ல. ஆயினும் அண்மைக் காலத்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன. வரும்பொழுது கடுமையாகவும் வருகின்றன. 2016ஆம் ஆண்டின் மாரி பொய்த்தமையால், 2016/17 பெரும்போகத்திற் பல மாவட்டங்களில் வயல்கள் விதைக்கப்படாமற் கிடந்தன. 2018ஆம் ஆண்டு டிசம்பரிற் சில நாட்களுட் பெய்த பெருமழையாற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் பரவியது. 2020 டிசம்பரிற் புரெவிப் புயலும், 2025 நவம்பரில் டித்வாப் புயலும் பயிருக்கும் குடிமனைகளுக்கும் பெருஞ்சேதம் விளைத்தன.

உலகக் காலநிலையைத் திருத்துதல் ஒரு கிராமத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. ஆனால் பெய்த மழை எவ்வழி ஓடும், எங்கே தங்கும், எவ்வளவு நிலத்துள் இறங்கும் என்பவற்றிற் பெரும்பகுதியைக் கிராமத்து வாய்க்கால்களும் மதகுகளும் குளங்களுமே தீர்மானிக்கின்றன. இவற்றுட் பல பிரதேச சபையின் பொறுப்பில் உள்ளன. ஆகவே, சபையிடம் தக்க முறையிற் கேட்டுப் பெறுதல், விதை நெல் தெரிவதைப் போன்றே கமக்காரரின் வேலைகளுள் ஒன்றாகிவிட்டது.

காலநிலை மாறுவது ஏன்?

நிலக்கரி, பெற்றோலியம் முதலியவற்றை எரிப்பதனாலும் காடுகளை அழிப்பதனாலும் வளியிற் காபனீரொட்சைட்டு வாயு பெருகுகின்றது. பெருந்தொழிற்சாலைகள் தோன்றுமுன் வளியின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த இவ்வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. இது பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாது தடுக்கின்றது.

வளி 1 பாகை செல்சியசு வெப்பமடைந்தால் ஏறத்தாழ நூற்றுக்கு 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கவல்லது. அந்நீராவி மழையாகும்போது குறுகிய நேரத்திற் பெருமழை கொட்டுகின்றது. மழையில்லாத நாட்களில் நிலம் முன்னையிலும் விரைவாகக் காய்கின்றது. நெற்பயிர் பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகைக்கு மேற் சென்றால் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும்.

கிணற்று நீருக்கு வரும் கேடு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. தோட்டப் பயிர் யாவும் சுண்ணாம்புக் கற்பாறையுள் தங்கும் நிலத்தடி நீரையே நம்பியுள்ளன. அந்நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. எனவே மேலே 1 அடி குறைந்தால், காலப்போக்கிற் கீழிருந்து உவர்நீர் பல அடி மேலேறும். 1901 முதல் 2018 வரையிலான காலத்தில் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளமையும் இக்கேட்டை மிகுவிக்கின்றது.

முன்னோர் வெட்டிய ஊர்க்குளங்களும் கேணிகளும் மாரிமழையைத் தேக்கிக் கிணறுகளுக்கு ஊட்டி வந்தன. குளம் தூர்ந்தாலும், அதற்கு நீர் கொணரும் வெள்ளவாய்க்கால் அடைபட்டாலும், அம்மழை சில நாட்களிற் கடலைச் சென்றடையும். மாரியிற் பயிர் அழுகுவதும், அதே தோட்டத்திற் கோடையிற் கிணறு உவர்ப்பதும் ஒரே காரணத்தால் நேரலாம்.

எது எவருடைய பொறுப்பு?

விண்ணப்பங்கள் பல, உரிய இடத்துக்கு அனுப்பப்படாமையாற் பயனற்றுப் போகின்றன. பின்வரும் பிரிவினை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

1. பெரிய, நடுத்தரக் குளங்களும் அவற்றின் பிரதான வாய்க்கால்களும் பெரும்பாலும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன.

2. 80 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 200 ஏக்கர் வரையிலான வயலுக்குப் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தைச் சார்ந்தவை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, அனுமதியின்றி நெல்வயலை மண்ணிட்டு நிரப்பலாகாது. அத்தகைய முறைப்பாட்டைக் கமநல சேவை நிலையத்துக்குத் தெரிவித்தல் வேண்டும்.

3. கிராம வீதிகள், ஒழுங்கைகள், அவற்றின் மதகுகள், வீதியோர வடிகால்கள், பொதுக்கிணறுகள், சந்தைகள், குப்பை அகற்றல், கட்டட அனுமதி ஆகியன 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்கீழ்ச் சபையின் கருமங்களாம்.

சபையிடம் கேட்கத்தக்கவை

வீதி உயர்த்தப்படும்போது மதகு சிறிதாக அமைந்தால், அவ்வீதி வயலுக்கு அணையாகிவிடும். ஆகவே, பெருமழையின் அளவுக்கேற்ற மதகு வேண்டும் எனக் கேட்கலாம். வாய்க்காலை மறித்து மதில் கட்ட அனுமதி அளிக்கலாகாது எனவும், மாரிக்கு முன் வடிகால்கள் துப்புரவாக்கப்படல் வேண்டும் எனவும் கோரலாம். சபையின் பொறுப்பிலுள்ள ஊர்க்குளங்களைத் தூர்வாருவித்தல் மற்றொன்று.

குப்பையும் காலநிலையோடு தொடர்புடையதே. குவிந்து அழுகும் குப்பையிலிருந்து மீதேன் வாயு எழுகின்றது. இது காபனீரொட்சைட்டிலும் பன்மடங்கு வெப்பத்தைத் தடுத்து வைப்பது. சந்தைக் கழிவைத் தரம்பிரித்துக் கூட்டெருவாக்கும்படி கேட்டால், அக்கேடு குறைவதோடு தோட்டக்காரருக்குப் பசளையும் கிடைக்கும்.

கேட்கும் முறை

முதலாவது, குறையைத் திட்டமாக எழுதல் வேண்டும். “காலநிலை மாற்றத்திலிருந்து எங்கள் ஊரைக் காப்பாற்றுக” என்று எழுதினால், எவ்வலுவலரும் அதன்மேல் நடவடிக்கை எடுக்க இயலாது. “குளத்தடி ஒழுங்கையின் இரண்டாம் மதகு 1 அடி அகலமே உடையது, சென்ற மாரியில் அதன் மேற்புறத்து 30 ஏக்கர் நெல் ஐந்து நாள் நீரில் நின்றது, 3 அடி மதகு வேண்டும்” என்று எழுதினால், தொழினுட்ப அலுவலர் நேரிற் சென்று பார்வையிட வழி பிறக்கும்.

இரண்டாவது, சான்று சேர்த்தல் வேண்டும். வெள்ளம் ஏறிய நாளும் வடிந்த நாளும், நின்ற நீரின் ஆழமும், அழிந்த பயிரின் பரப்பும் ஒரு குறிப்பேட்டிற் பதியப்படல் நன்று. கோடையிற் கிணற்று நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை கயிற்றால் அளந்து எழுதி வைக்கலாம். இரண்டு மூன்று ஆண்டுக் குறிப்பு, நூறு கையொப்பத்தினும் வலிமையுடையது.

மூன்றாவது, கமக்காரர் அமைப்பின் வாயிலாகக் கேட்டல் வேண்டும். கூட்டத்திற் தீர்மானம் நிறைவேற்றி, அதன் பிரதிகளைச் சபைத் தவிசாளருக்கும் செயலாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும் கொடுத்து, பெற்றமைக்கு ஒப்பம் வாங்கிக்கொள்ளல் வேண்டும். சுற்றாடல், தொழினுட்பம் முதலியன பற்றிச் சபை அமைக்கும் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கின்றது. அனுபவமுள்ள கமக்காரர் ஒருவரைச் சேர்க்குமாறு கேட்பது தகும்.

நான்காவது, காலம் அறிந்து கேட்டல் வேண்டும். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் ஆண்டின் இறுதி மாதங்களில் ஆயத்தமாகின்றது. வெள்ளம் வந்தபின் டிசம்பரிற் கேட்கப்படும் மதகுக்குப் பெரும்பாலும் பணம் எஞ்சியிராது. சிறுபோக அறுவடை முடிந்து பெரும்போக விதைப்புத் தொடங்குமுன், ஓகத்து, செப்ரெம்பர் மாதங்களில் விண்ணப்பிப்பதே பொருத்தமானது.

ஐந்தாவது, விடாது தொடர்தல் வேண்டும். மறுமொழி வராவிடின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ச் சபையின் தகவல் அலுவலரிடம், வடிகால் வேலைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு என வினவலாம். 14 வேலை நாட்களுள் அவர் அவ்விண்ணப்பத்தின்மேல் தம் முடிவைத் தெரிவித்தல் வேண்டும். 2023 மார்ச் முதல் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினரின்றி இயங்கிய சபைகளுக்கு 2025 மே 6ஆந் திகதி தேர்தல் நடைபெற்றது. ஆதலால், வாக்களித்தோர் வினவுவதற்கு அதன்பின் வட்டாரந்தோறும் உறுப்பினர் உளர்.

அயலிலுள்ள ஓர் எடுத்துக்காட்டு

கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில், கோப்பியும் மிளகும் பயிரிடப்படும் மீனங்காடி என்னும் இடத்துக் கிராம பஞ்சாயத்து, தன் எல்லையுள் வெளியேறும் காபனையும் மரங்களும் மண்ணும் உட்கொள்ளும் காபனையும் சமமாக்கும் திட்டத்தை 2016ஆம் ஆண்டில் தொடங்கியது. அங்கு மரங்களை ஈடாக வைத்து வட்டியில்லாக் கடன் பெறும் ‘மர வங்கி’ முறை ஏற்படுத்தப்பட்டது. பதிவு செய்யப்பட்ட மரமொன்றுக்கு ஆண்டுக்கு 50 இந்திய ரூபாய் வீதம் பத்தாண்டுகளுக்குக் கமக்காரர் பெற வழி செய்யப்பட்டது. மரத்தை வெட்டும்போதே கடனைத் திருப்பிச் செலுத்துதல் வேண்டும். சிறியதோர் உள்ளூராட்சி மன்றமும் இத்துறையிற் கணக்கிட்டுச் செயலாற்றலாம் என்பதற்கு இது சான்று.

கமக்காரரின் பங்கு

சபையிடம் கேட்போர் தம் கடமையையும் செய்தல் இன்றியமையாதது. வாய்க்கால் ஓரத்தைத் தம் வேலிக்குள் அடைத்துக்கொண்ட ஒருவர், வெள்ளம் வடியவில்லை என்று முறையிடின் அம்முறையீடு எடுபடாது. விண்ணப்பம் எழுதுமுன், தீர்மானிக்கப்பட்ட ஒரு நாளில் யாவரும் கூடித் தத்தம் எல்லையிலுள்ள வாய்க்காலைத் திறந்துவிடுதல் நலம்.

வைக்கோலை எரியாது வயலில் மட்கவிடுதல் வேண்டும். வசதியுள்ள வயல்களில் நீரை எந்நேரமும் தேக்காது, நீர்மட்டம் நிலத்தின் கீழ் 15 சென்ரிமீற்றர் இறங்கியபின் மீண்டும் பாய்ச்சினால் நீரும் மிஞ்சும். வயலிலிருந்து எழும் மீதேனும் குறையும். நாற்று வேரூன்றும் காலத்திலும் பூக்கும் காலத்திலும் மட்டும் நீர் குறையவிடலாகாது. இவைபற்றி மேலும் அறிய விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகலாம்.

அடுத்த மாரி எவ்வளவு பெய்யும் என்பதை எவரும் நிச்சயிக்க இயலாது. ஆனால் அதற்குமுன் எந்த மதகு பெருக்கப்படல் வேண்டும், எந்தக் குளம் தூர்வாரப்படல் வேண்டும் என்பதை அவ்வூர்க் கமக்காரரினும் நன்கறிந்தவர் இலர். அறிந்ததை எழுத்திற் குறித்து, ஒன்றுகூடி, உரிய காலத்தில், உரிய இடத்திற் கேட்பாராயின் வயலும் கிணறும் காக்கப்படும்.