தெருவில் கறார், சுவருக்குப் பின்னால் தடுமாற்றம்

விளம்பரப் பலகையை அளக்கும் அமெரிக்க உள்ளூர் அரசுகளுக்கு முதியோர் இல்லங்களைக் கண்காணிப்பது எளிதாக இல்லை

லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் ஜனத்தொகை சுமார் ஒரு கோடி. நிர்வாகம் தேர்தலில் ஜெயித்து வரும் ஐந்தே சூப்பர்வைசர்களின் கையில். கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. ஆனால் கலெக்டர் கிடையாது. நகர எல்லைகளுக்கு வெளியே கடை வாசலில் எவ்வளவு பெரிய பலகை வைக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது இந்த போர்டுதான். படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களின் பாதுகாப்பும் அதன் மேஜைக்கே வந்து சேர்கிறது.

அமெரிக்காவில் இப்படி 3,000-க்கும் மேற்பட்ட கவுண்டிகள். மருத்துவ வசதியுள்ள முதியோர் இல்லங்களுக்கு விதி வகுப்பது மத்திய அரசு. சோதனையிடுவது மாநில அரசு. 1987-ல் வந்த சட்டப்படி, முன்னறிவிப்பின்றி சோதனை நடத்த வேண்டும். இரண்டு சோதனைகளுக்கு இடையே 15 மாதங்களுக்கு மேல் போகக் கூடாது. ஊழியர்களின் வசதிக்காக முதியவர்களைக் கட்டிப்போடவும் கூடாது.

கலிபோர்னியாவில் ஒரு விதிவிலக்கு. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள ஏறத்தாழ 400 இல்லங்களைச் சோதிக்கும் வேலையை மாநில அரசு கவுண்டியிடமே ஒப்பந்தத்தில் விட்டது. விளைவு? 2014-ல் கவுண்டியின் சொந்தத் தணிக்கையாளர்கள் பார்த்தபோது 3,000-க்கும் அதிகமான புகார்கள் முடிக்கப்படாமல் கிடந்தன. பல புகார்களுக்கு வயது இரண்டு ஆண்டுக்கு மேல். எண்பதைத் தாண்டிய ஒருவருக்கு இரண்டு ஆண்டு என்பது சில சமயம் மிச்சமுள்ள ஆயுள் முழுவதும்.

அடுத்த அடி 2020-ல் விழுந்தது. கொரோனா பரவியதும் மார்ச் 13-ம் தேதி பார்வையாளர்கள் இல்லங்களுக்குள் நுழைவதை மத்திய அரசு தடுத்தது. மகனோ மகளோ வந்து பார்க்கும்போது கண்ணில் படும் படுக்கைப் புண், உடல் மெலிவு எல்லாம் மறைந்துபோயின. மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் போர்டு விழித்துக்கொண்டது. ஷெரிப் துறையின் மீது ஒரு கண் வைத்திருந்த இன்ஸ்பெக்டர் ஜெனரலிடமே இல்லங்களின் கண்காணிப்பை ஆராயும் வேலையையும் ஒப்படைத்தது. 2022-க்குள் நாடு முழுவதும் இத்தகைய இல்லங்களில் வசித்தவர்களும் ஊழியர்களுமாக 2,00,000-க்கும் மேற்பட்டோர் கொரோனாவுக்குப் பலியாகியிருந்தார்கள்.

பலகை விஷயத்தில் உள்ளூர் அரசுகளுக்கு நேர் எதிரான சிக்கல்: கண்காணிப்பு கூடிப்போனது. அரிசோனா மாநிலத்தின் கில்பர்ட் என்ற ஊரில் கருத்துப் பலகை 20 சதுர அடி வரை இருக்கலாம். சொந்தக் கட்டடம் இல்லாத ஒரு சிறு தேவாலயம் வழிபாட்டுக்கு வழி காட்டும் பலகை வைத்தால் 6 சதுர அடிதான்; அதுவும் 12 மணி நேரத்துக்கு முன்பு வைத்து, முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பலகையில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து விதியை மாற்றுவது பேச்சுரிமைக்கு விரோதம் என்று 2015-ல் ஒன்பது நீதிபதிகளும் தேவாலயத்தின் பக்கமே தீர்ப்பளித்தார்கள். அளவு, உயரம், வெளிச்சம், இடம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தத் தடை இல்லை. பல கவுண்டிகளும் நகரங்களும் தங்கள் விதிப் புத்தகத்தைத் திருத்தி எழுத நேர்ந்தது. 2022-ல் ஆஸ்டின் நகர வழக்கில் நீதிமன்றம் பிடியைச் சற்றுத் தளர்த்தியது.

இரண்டு வேலைகளுக்கும் உள்ள வித்தியாசம் வெளிப்படை. பலகை தெருவில் நிற்கிறது, அளந்துவிட்டால் தீர்ந்தது. பிடிக்காதவர்கள் கோர்ட்டுக்கும் போகலாம். படுக்கையில் கிடப்பவருக்கு போர்டு கூட்டத்துக்கு வந்து மைக்கைப் பிடிக்கத் தெம்பு இல்லை. அவருக்காகப் பேசவே ஒவ்வொரு மாநிலத்திலும் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும் என்று 1978-ல் சட்டம் வந்தது. பல இடங்களில் இந்த வேலையைச் செய்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். இல்லத்துக்குள் நுழையலாம், முதியவரிடம் தனியே பேசலாம். அபராதம் போடும் அதிகாரம் கிடையாது.

இல்லத்துக்குள்ளும் சில பலகைகள் கட்டாயம். அன்றைய ஷிப்டில் எத்தனை நர்சுகள், கடைசிச் சோதனையில் கண்டது என்ன, குறைதீர்ப்பாளரின் போன் நம்பர் என்ன என்பதெல்லாம் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். அந்த நம்பருக்குப் போன் வந்தால் மறுமுனையில் எடுக்க ஆள் வேண்டும். புகாரைப் பதிந்தால் விசாரிக்கப் போதுமான இன்ஸ்பெக்டர்கள் வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்குவது பட்ஜெட்டில் கை வைக்கும் வேலை. பலகையை அளக்க ஒரு டேப் போதும்.